மறைகூட்டின் உட்புறம்

பறவை கூடு முடைகின்றது, கறையான் புற்றெழுப்புகின்றது, எலி வளை தோண்டுகின்றது. கையும் காலும் பெறாத பாம்புக்கோ இத்தொழில்களுள் ஒன்றும் எளிதன்று. மண்ணைத் துளைத்துச் செல்லும் பாம்புகள் சில உளவெனினும், பெரும்பாலானவை பிற உயிர்கள் அமைத்த வளையிலும், மரப்பொந்திலும், கல்லிடுக்கிலும், பட்டை நெகிழ்ந்த அடிமரத்திலுமே ஒதுங்கி வாழ்கின்றன. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்னும் பழமொழியை நம்மவர் பாம்பைப் பழித்தற்கே பெரிதும் வழங்குவர். அதனை வேறொரு வகையாலும் எண்ணிப் பார்த்தல் தகும். தனக்கென ஒரு மனை கட்டிக்கொள்ள இயலாத உயிர், பிறர் கட்டியதன் நன்மை தீமைகளை ஏற்றே வாழவேண்டியுள்ளது. காட்டில் அதற்குக் கறையானும் எலியும் கொத்தனார் ஆகின்றன. மனிதன் அதனைத் தன் இல்லத்துக்குக் கொணர்ந்து கண்ணாடிக் கூண்டில் அடைத்தபின், பிளாஸ்டிக் வார்க்கும் தொழிலாளி அதற்குக் கொத்தனார் ஆகின்றான். அவன் கட்டும் மனை எத்தகையது என்பதே ஈண்டு யாம் எழுதப் புகுந்த பொருள்.

பாம்புக்கு மனையா என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்த்தற்கு இடங்கொடாது, அதுவே முறையுமாம். இங்கிலாந்திலோ, நச்சற்ற பாம்புகளை வளர்த்தல் நாய் பூனைகளை வளர்த்தல் போன்றதொரு வழக்கமாக உள்ளது. எம் தமக்கையார் அந்நாட்டின் லீட்ஸ் நகரில் மருத்துவமனையொன்றில் செவிலியராகப் பணிபுரிகின்றார். சென்ற கோடை விடுமுறையில் யாம் ஆறு வாரம் அவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். பன்னிரண்டு வயதுடைய அவர் மகன் ஒரு பாம்பை வளர்த்து வருகின்றான் என்பது முன்னரே கடித வாயிலாக அறிந்ததே. எனினும், கூடத்தின் ஒரு மூலையில் அதனை நேரிற் கண்டபோது, இரண்டு நாள்வரை அப்பக்கம் செல்லாது வேறு பக்கமாகவே நடந்து திரிந்தோம்.

அப்பாம்பு ‘கார்ன் பாம்பு’ எனப்படும் சோளப் பாம்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதிகளே அதன் தாயகம். செம்மஞ்சள் நிற உடலும், முதுகில் கருங்கரையிட்ட செம்புள்ளிகளும் உடையது. நஞ்சில்லாதது, எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று உண்பது. முழு வளர்ச்சியில் மூன்று முதல் ஐந்து அடி நீளம் வரும். நன்கு பேணின் பதினைந்து இருபது ஆண்டுகள் உயிர்வாழும். எம் மருகனின் பாம்பு இரண்டு வயதும் மூன்றடி நீளமும் உடையதாய் இருந்தது. மூன்றாம் நாள் அவன் அதனை எம் கையில் வைத்தான். குளிர்ந்து வழுவழுப்பாக இருக்கும் என எண்ணியிருந்தோம். நிழலிற் கிடந்த பட்டுத்துணி போல உலர்ந்து மென்மையாக இருந்தது. அன்றுமுதல் எம் அச்சம் நீங்கியது.

அதன் கூண்டினுள் இரண்டு சிறு பெட்டிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடிப்பக்கம் திறந்தும், ஒரு புறத்தில் சிறு வாயில் உடையனவாயும் இருந்த அவற்றை அந்நாட்டார் ‘ஹைட்’ என்பர். யாம் இக்கட்டுரையில் மறைகூடு என வழங்குவோம். இரண்டு எதற்கு எனின், பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர் அன்று. ஆதலின் கூண்டின் ஒரு கோடியைச் செல்சியஸ் 30 டிகிரி அளவும், மறுகோடியை 24 டிகிரி அளவும் வைப்பர். வெப்பம் வேண்டுங்கால் ஒருபுறமும் வேண்டாதபோது மறுபுறமும் அது செல்லும். மறைகூடு ஒருபுறம் மட்டுமே இருப்பின், வெப்பமா பாதுகாப்பா எனத் தேர்ந்துகொள்ளும் துன்பம் அதற்கு நேரும். மேலும், தன் உடல் சுவரிலும் கூரையிலும் படும்படி ஒடுங்கிக் கிடக்கும்போதே பாம்பு அச்சமின்றி இருக்கும். அகன்ற மாளிகை அதற்கு வேண்டுவதன்று. உடலோடு பொருந்திய சிற்றறையே வேண்டுவது. ஒதுங்க இடமில்லாத பாம்பு அஞ்சி உணவையும் மறுத்துவிடும் என வளர்ப்போர் கூறுவர். ஆகவே மறைகூடு கூண்டுக்கு அழகு செய்யும் பொருளன்று. அவ்வுயிர் தன் நாளிற் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம்.

அதன் சுவர் பாம்பின் உடலை ஓயாது தொட்டுக்கொண்டிருப்பது என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்வாராக. இனிக் கூறப்போகும் நிகழ்ச்சிக்கு அதுவே காரணம்.

யாம் சென்ற இரண்டாம் வாரத்தில், வளர்ந்துவிட்ட பாம்புக்குப் பழைய கூடு போதாதெனத் தமக்கையார் புதியதொன்றை வாங்கி வந்தார். கடையையும் செய்தாரையும் பெயர் கூற விரும்பவில்லை. கூடு காண்பதற்கு மிக அழகியது. மலைப்பாறையொன்றைச் சிறிதாக்கி வைத்தாற்போல வெடிப்பும் பாசியும் தோன்ற வண்ணந் தீட்டப்பட்டிருந்தது. நான்கு நாள் கழித்து எம் மருகன் முகம் வாடி ஓடிவந்தான். பாம்பின் இடப்பக்கத்தில், தலைக்குப் பின் ஒரு சாண் அளவில், செதில்கள் மூன்று நிமிர்ந்து, அவற்றின் அடியில் தோல் சிவந்திருந்தது. ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்வார் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் புண்ணைக் கழுவி மருந்திட்டு, பாம்பைப் பார்த்ததிலும் மிகுதியாக எங்களை வினவினார். கூண்டில் புதிதாக வைத்தது யாது என்பதே அவர் கேட்ட முதல் வினா.

வீட்டுக்கு வந்து அப்பாறைக் கூட்டைக் கவிழ்த்து, வாயிலின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினோம். மெல்லிய தகடுபோல ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தின் தடிப்பும் இல்லை. ஆயினும் விரலைக் கீறப் போதியது. பாம்பின் செதில்கள் ஓட்டு வீட்டின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாய் வாலை நோக்கிப் படிந்திருப்பவை. முன்னோக்கிச் செல்லுங்கால் அவை பிசிறின்மீது வழுக்கிச் செல்லும். பின்னோக்கி இழுத்துக்கொள்ளுங்கால் அவற்றின் விளிம்பு அதில் மாட்டும். பாம்பு பின்வாங்குவது எப்போது? வெளியே தலைநீட்டி, எதையோ கண்டு அஞ்சியபோது. அச்சம் தீர்க்க வைத்த கூடே அஞ்சிய பொழுதில் அதனைக் கிழித்தது.

எம் மருகன் நெடுநேரம் பேசாதிருந்து பின்னர், “மாமா, இதைச் செய்தவர் ஒருமுறைகூட உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லையா?” என்றான். அச்சிறுவன் வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

தமக்கையார் கூட்டைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். கடைக்காரர் மறுக்காமல் வேறொன்று தந்தார். வீட்டில் அதனைச் சோதித்தபோது, அதே இடத்தில், அதே நீளத்தில், அதே பிசிறு இருக்கக் கண்டோம். கையால் செய்யும் பொருளில் நேர்ந்த குறை அவ்வொரு பொருளோடு ஒழியும். அச்சில் உள்ள குறையோ, அவ்வச்சு ஈனும் பொருள் ஒவ்வொன்றிலும் தவறாது பிறக்கும். அவ்வூர்க் கடையில் அடுக்கியிருந்த கூடுகள் அனைத்திலும் அப்பிசிறு காத்திருந்தது போலும்!

நிற்க. இக்குறை எங்ஙனம் தோன்றுகின்றது என அறிய விரும்பிய யாம், ஊர் திரும்புகையில் அவ்விரண்டாம் கூட்டை உடன் கொணர்ந்தோம். எம் வகுப்பு நண்பர் ஒருவரின் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறிய பிளாஸ்டிக் பட்டறை நடத்துகின்றார். புட்டி மூடிகளும் உணவுப் பெட்டிகளும் செய்பவர். பாறை வடிவை ஒரு கணமும் நோக்காமல், கையில் வாங்கியதும் கூட்டைக் கவிழ்த்து உட்புறத்தைப் பார்த்தார் அவர். அச்செயலிலேயே தொழிலறிந்தார் இயல்பு விளங்கிற்று.

அவர் எமக்கு விளக்கியது இது. பிளாஸ்டிக் குருணையை 200 டிகிரிக்கு மேல் உருக்கி, எஃகால் ஆன இருபாதி அச்சினுள் மிக்க அழுத்தத்தோடு செலுத்துவர். குளிர்ந்தவுடன் பாதிகள் விலக, பொருள் வெளிவரும். யானைத் தந்தத்துக்கு மாற்றாகச் செல்லுலாய்டைப் பரப்பிய அமெரிக்கராகிய ஹையாட்டு உடன்பிறந்தார் 1872ஆம் ஆண்டில் இம்முறைக்கான எந்திரத்துக்கு உரிமை பெற்றனர். எந்திரம் பெரிதும் மாறியும் அடிப்படை மாறவில்லை. அச்சின் பாதிகள் தம்முள் இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும். பல்லாயிரம் முறை மூடித் திறந்து விளிம்பு தேய்ந்தாலும், மூடும் விசை குறைந்தாலும், உருகிய பிளாஸ்டிக் அவ்விடைவெளியிற் புகுந்து பிசிறாக உறையும். மறைகூட்டின் வாயில் இருபாதிகளும் சந்திக்கும் இடம். ஆதலின் பிசிறு தோன்றற்கு வாய்ப்பான இடமும் அதுவே. பாம்பு நாள்தோறும் நுழையும் இடமும் அதுவே என்பதுதான் கொடுமை.

மற்றொரு முறையும் உண்டு. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியச் செய்தல் அது. செலவு குறைவு. ஆயினும் தகடு இழுபடுங்கால் மூலைகள் மெலியும்; வார்த்தபின் ஓரத்தை வெட்டவேண்டுவதால் வெட்டுவாய் கூர்மையாக நிற்கும். குருணையின் வகையும் கருதத்தக்கது. பாலிஸ்டைரீன் அச்சின் வடிவை நன்கு காக்கும். ஆனால் அழுத்தினால் நொறுங்கும். பாலிப்ரொப்பிலீன் வளைந்து கொடுக்கும், வெந்நீரில் கழுவலாம், ஆனால் குளிருங்கால் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை சுருங்குவதால், ஆறவிடும் காலத்தைக் குறைத்தால் கோணிப்போகும். கோணிய கூடு தரையிற் படியாது ஆடும். அதன் அடியில் பாம்பு தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளவும் நேரும்.

“இதைத் திருத்த வழி யாது?” என வினவினோம். “அச்சைச் செப்பம் செய்தல் முதல் வழி. அதுவரை, வரும் பொருள் ஒவ்வொன்றையும் ஒருவர் கையிலெடுத்துப் பிசிறு வெட்டுதல் இரண்டாம் வழி. சில நொடி வேலைதான். ஆனால் தம்பி, வாங்குவோர் வெளிப்புறத்தைப் பார்த்து வாங்குகின்றனர். இந்த அச்சில் பாறை வெடிப்பைச் செதுக்கவே பெரும்பணம் செலவாகியிருக்கும். உள்ளே பார்ப்பவர் யார்?” என்றார். அவர் குரலில் இகழ்ச்சி இல்லை; தொழிலின் இயல்பைச் சொல்லும் சோர்வே இருந்தது.

இப்பொருளின் முடிச்சு இவ்விடத்தே அவிழ்கின்றது. நாம் வாங்கும் செருப்பு கடித்தால் நம் கால் அறியும்; அடுத்தமுறை அக்கடைக்குச் செல்லோம். செய்வோனும் அதற்கு அஞ்சித் திருந்துவான். மறைகூட்டை வாங்குவோர் ஒருவர். அதில் வாழ்வது மற்றொன்று. விலை கொடுப்பவர் கண்ணுக்கு வெளிப்புறம். உள்ளே இருப்பதன் உடலுக்கு உட்புறம். வாங்குவோருக்குக் கண் உண்டு, உள்ளே உறையும் உடல் இல்லை. வாழ்வதற்கு உடல் உண்டு, முறையிடும் வாய் இல்லை. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 71 என்னும் தரநெறி உண்டு. அதன் முதற்பகுதி விளிம்புகளின் கூர்மையைச் சோதிக்கும் முறையை வகுக்கின்றது. குழந்தை கீறப்பட்டால் அழும்; அவ்வழுகை தாயின் செவி வழியே சட்டம் செய்வோர் செவியையும் எட்டும். பாம்பு அழாது. அதன் வலி மூன்று செதிலின் அளவே நம் கண்ணுக்குத் தோன்றும். அதுவும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அன்போடு உற்று நோக்கினால் மட்டும்.

இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்க்கும் உயிர்க்குத் தக்க உறைவிடம் அளித்தல் வளர்ப்போர் கடன் என்கின்றது. கடன் வளர்ப்போர் தலைமேல் நிற்பதால், சோதித்து வாங்குதலும் அவர் தொழிலே. எம் மருகனும் யாமும் அவ்வாறே அவ்வீட்டிலும் அயல்வீட்டிலும் கிடைத்த ஐந்து கூடுகளை மேசைமேல் பரப்பிச் சோதித்தோம். சிறிது பஞ்சை எடுத்து விளிம்பு முழுவதும் இழுத்தோம். கண்ணும் விரலும் தவறவிட்ட பிசிறையும் பஞ்சின் நூலிழை காட்டிக்கொடுத்தது. விளக்கின்முன் பிடித்தோம், ஒன்றின் மூலைகளில் ஒளி ஊடுருவிற்று. சமமேசையில் வைத்து ஒரு விரலால் அழுத்தினோம், ஒன்று ஆடிற்று. இரவெல்லாம் வெந்நீரிலிட்டு மோந்தோம். ஒன்றில் நெடி மாறவில்லை. குறையின்றித் தேறியது ஐந்தாவது ஒன்றே. அஃது யாதெனின், அயல்வீட்டு முதியவர் பூந்தொட்டியின் அடித்தட்டைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாயில் வெட்டி, வெட்டுவாயை உப்புத்தாளால் தேய்த்துத் தந்த கூடு! அதில் பாறையும் இல்லை, பாசியும் இல்லை. வாயிலை மட்டும் அவர் முக்கால் மணி நேரம் தேய்த்தாராம்.

இதனால் பிளாஸ்டிக்கைப் பழிக்கின்றோம் என எண்ணற்க. மரப்பட்டையின் பிளவுகளில் பாம்பின் குருதியை உறிஞ்சும் சிறு உண்ணிகள் புகுந்து பெருகும். ஈரம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கைக் கழுவித் துடைத்தல் எளிது. வெளிப்புறத்துப் பாறைச் சொரசொரப்பும் முற்றும் வீண் அன்று. சட்டை உரிக்கும் காலத்தில் பாம்பு தன் மூக்கை உரைத்துத் தோலைக் கிழித்துத் தொடங்க அது பயன்படும். சொரசொரப்பு வேறு, கூர்மை வேறு. முன்னது உதவும், பின்னது கொல்லும்.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டு தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை யாம் பள்ளி நாளில் கண்டதுண்டு. மருந்துக்கு நஞ்சு எடுப்பதற்காக அரசின் இசைவோடு பிடிக்கும் பாம்புகளைச் சில வாரம் மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, பின்னர்க் காட்டில் விடுவர். அப்போது அப்பானைகள் எமக்கு வெறும் பானைகளாகவே தோன்றின. லீட்ஸ் நகரத்து நிகழ்ச்சிக்குப் பின்னரே அவற்றின் உட்புறம் எம் நினைவுக்கு வந்தது. நம் நாட்டுக் குயவர் பானையை அகலமாக்குங்கால், ஒரு கையால் வெளியே பலகை கொண்டு தட்டுவர். மறுகை உள்ளே கல்லைப் பிடித்துத் தாங்கிக்கொண்டிருக்கும். உள்ளே கைவைக்காமல் பானை உருவாகாது. அச்சு எந்திரத்துக்கு அத்தகைய கை இல்லை. எந்திரம் தராத அக்கையை மனிதன்தான் தரவேண்டும். அச்செதுக்குவோனோ, பிசிறு வெட்டுவோனோ, வாங்குவோனோ, யாரேனும் ஒருவர் ஒருமுறை விரலை உள்ளே ஓட்டவேண்டும். அவருள் ஒருவரும் அது செய்யாவிடின், அக்கூட்டின் உட்புறத்தை முதலில் தொடுவது பாம்பின் உடலாகவே முடியும்.

யாம் ஊர் திரும்பிய இரண்டு திங்களுக்குப்பின் தமக்கையார் எழுதிய கடிதத்தில், பாம்பு இருமுறை சட்டை உரித்துவிட்டது என்றும், புண் ஆறி அவ்விடத்தில் வெளிறிய கோடு ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது என்றும் கண்டு மகிழ்ந்தோம். பூந்தொட்டித் தட்டின் அடியிலேயே அது இப்போது உறங்குகின்றதாம். எம் மருகன் தன் கைப்படச் செய்நேர்த்தி இல்லா அக்கூட்டைப் பற்றிச் செய்தார்க்கு ஒரு கடிதம் எழுதி, பிசிறு இருக்கும் இடத்தைப் படமும் வரைந்து அனுப்பியுள்ளான். விடை இன்னும் வரவில்லை.

நண்பர்களே! நம்முள் பாம்பு வளர்ப்பார் ஒருவரும் இரார். எனினும், நாம் செய்து தருவனவற்றுள் வாய்பேசா உயிர்களுக்கென அமைவன பல: மாட்டின் மூக்கணாங்கயிறு, வண்டியின் நுகத்தடி, கோழிக்கூண்டின் கம்பி முனை. விலை பேசும்போது இவற்றின் வெளிப்புறத்தை நோக்கும் நாம், ஒருகணம் அவ்வுயிரின் உடல் படும் பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்ப்போமாக. விரல் கீறப்படின் அவ்விடத்தைத் தேய்ப்போமாக. அதற்கு வேண்டுவன சிறிது உப்புத்தாளும் சிறிது பொழுதுமே.